சுங்கவரி வரும் என்று காத்திருக்காதீர்கள்: ஹாலிவுட் விஎஃப்எக்ஸ் வேலை போனவர்களுக்கு

லாஸ் ஏஞ்சலஸில் விஎஃப்எக்ஸ் வேலையை, அதாவது படக் காட்சிகளைக் கணினியில் உருவாக்கிச் சேர்க்கும் வேலையை, இழந்த நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "டிரம்ப் சொன்ன அந்த நூறு சதவீத வரி வந்துட்டா நம்ம வேலை திரும்பி வந்துடுமா?" லே-ஆஃப் ஆன நாளிலிருந்து எனக்கு அடுத்த நிலையான வேலை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சேமிப்பில் முப்பதாயிரம் டாலருக்கு மேல் கரைந்தது. பணம் போனதைவிட, எந்தக் காகிதத்துக்கு எந்த நாள் கெடு என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல் தனியாகத் தேடி அலைந்ததுதான் அதிகம் வலித்தது. அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் கதை இங்கே முக்கியமில்லை. எது எந்த வரிசையில் வரும், எங்கே பணம் போகும், அதை எப்படித் தடுக்கலாம் என்பதுதான் முக்கியம்.

முதலில் வரியைப் பேசி முடித்துவிடுவோம். 2025 மே 4 அன்று, வெளிநாட்டில் தயாராகி அமெரிக்காவுக்குள் வரும் படங்களுக்கு நூறு சதவீத வரி என்று அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 29 அன்று அதையே மறுபடி சொன்னார்கள். இரண்டு முறையும் எதன் மதிப்பில் நூறு சதவீதம், யார் கட்டுவது, பாதி அட்லாண்டாவிலும் பாதி லண்டனிலும் எடுத்த படத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு விவரமும் இல்லை. படம் என்பது துறைமுகத்தில் பெட்டியாக வந்து இறங்கும் சரக்கு இல்லை. லண்டனில் முடித்த ஷாட் ஆஸ்பெரா மாதிரி ஒரு மென்பொருள் வழியாக ஈஎக்ஸ்ஆர் என்ற படக் கோப்புகளாக இரவோடு இரவாக லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலுள்ள பர்பேங்க் வந்து சேர்கிறது. அமெரிக்கச் சுங்க அட்டவணையின் பொதுக் குறிப்புகளே தொலைத்தொடர்பு வழியாக வருவதைச் சரக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தை வைத்துப் போடலாமா என்றால், 1988-இல் வந்த பெர்மன் திருத்தம் திரைப்படம் உட்பட தகவல் சார்ந்த படைப்புகளை அந்த அதிகாரத்தின் பிடியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மின்வழிப் பரிமாற்றத்துக்குச் சுங்கவரி போடுவதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் 1998-இல் செய்துகொண்ட ஏற்பாட்டையும் பல முறை நீட்டித்திருக்கிறார்கள்.

இதை நம் ஆட்கள் முயற்சி செய்து பார்க்காமலும் இல்லை. 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற விஎஃப்எக்ஸ் நிறுவனம் திவாலானபோது ஆஸ்கர் அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் நின்று போராடினார்கள். அடுத்த வருடம் அடாப்ட் என்ற அமைப்பைத் தொடங்கி ஒரு வாதத்தை முன்வைத்தார்கள்: வெளிநாட்டு அரசு மானியம் கொடுத்துச் செய்யும் விஎஃப்எக்ஸ் வேலை மானியம் பெற்ற இறக்குமதிதான், ஆகவே அந்த மானியத்தை ஈடுகட்ட அதன் மீது எதிர்ஈட்டு வரி போடலாம் என்பது அந்த வாதம். அப்போது பல் சீரமைப்புக் கருவி செய்யும் கிளியர்கரெக்ட் நிறுவனத்தின் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தானில் செய்த டிஜிட்டல் மாதிரிகள் இணையம் வழியாக டெக்சாஸுக்கு வந்தன. அவை இறக்குமதிப் பொருளா என்பது வழக்கு. 2015 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கையால் தொடக்கூடிய பொருள் மட்டுமே அந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று தீர்ப்பளித்தது. பத்து வருடத்துக்கு முன்பே இவ்வளவு தூரம் போய் முட்டி நின்ற வழி இது. நாளை ஏதோ ஒரு வடிவத்தில் வரி வந்தாலும் வழக்கு, தடை, மேல்முறையீடு என்று இழுக்கும். வாடகை அதுவரை காத்திருக்காது.

வேலையை நகர்த்துவது வேறொரு கணக்கு. அது தெரிந்தால்தான் அடுத்து எங்கே காற்று அடிக்கும் என்று புரியும். கனடாவில் வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தயாரிப்புச் சேவைக்கான வரிக்கழிவு 2025 ஜனவரி 1 முதல் 28 சதவீதத்திலிருந்து 36 ஆனது. விஎஃப்எக்ஸ், அனிமேஷன், போஸ்ட் (படப்பிடிப்புக்குப் பிந்தைய) வேலைக்கு அதன் மேல் இன்னொரு 16 உண்டு. அந்த மாகாணத்தில் குடியிருப்பவருக்கு 100 டாலர் சம்பளம் கொடுத்தால் 52 டாலர் மாகாண அரசிடமிருந்து திரும்பி வரும். மிச்சம் 48-இல் 16 சதவீதத்தை, அதாவது 7.68 டாலரை, கனடா மத்திய அரசு கொடுக்கும். ஆக நூறு டாலர் சம்பளத்துக்குத் தயாரிப்பாளர் கையிலிருந்து போவது நாற்பது டாலர்தான். பிரிட்டனில் வழக்கமான கழிவு 34 சதவீதம். விஎஃப்எக்ஸ் செலவுக்கு மட்டும் அதை 39 ஆக்கினார்கள். வரி போக நிற்பது 29.25. இந்தப் பணம் விஎஃப்எக்ஸ் நிறுவனத்துக்குப் போவதில்லை, தயாரிப்பு நிறுவனத்துக்குத்தான் போகிறது. அதனால்தான் ஸ்டூடியோ பிட் (விலைப்புள்ளி) கேட்கும்போதே "இத்தனை சதவீத வேலை வான்கூவரில் நடக்கணும்" என்று எழுதிக் கொடுக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் விஎஃப்எக்ஸ் கடை (நிறுவனம்) எவ்வளவு விலையைக் குறைத்தாலும், அறுபது சதவீதம் திரும்பி வரும் இடத்தோடு போட்டி போட முடியாது. திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நம்ப எனக்கு வெகுகாலம் பிடித்தது. வேலை போனவர் ஒவ்வொருவரும் தன் ஷோரீலை, அதாவது தன் வேலையின் மாதிரிக் காணொளியைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கலிஃபோர்னியா 2025-இல் தன் வரிக்கழிவு நிதியை வருடத்துக்கு 330 மில்லியன் டாலரிலிருந்து 750 மில்லியனாக உயர்த்தியது. லாஸ் ஏஞ்சலஸில் செலவிட்டால் 35 சதவீதம் வரை கிடைக்கும். படப்பிடிப்பு ஆட்களுக்கு இது உண்மையான நல்ல செய்தி. படப்பிடிப்பு அனுமதிகளைக் கவனிக்கும் ஃபிலிம்எல்ஏ அமைப்பின் கணக்குப்படி 2024-இல் அங்கே வெளிப்புறப் படப்பிடிப்பு நாட்கள் மொத்தமே 23,480. கொரோனா வந்த 2020-ஐத் தவிர அதுவரை அவ்வளவு குறைவாக இருந்ததே இல்லை. ஆனால் போஸ்ட், விஎஃப்எக்ஸ் ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படப்பிடிப்பு நாட்களிலோ செலவிலோ 75 சதவீதம் கலிஃபோர்னியாவில் நடக்கும் படத்துக்குத்தான் அந்தக் கழிவு. ஹங்கேரியில் எடுத்த படத்தின் விஎஃப்எக்ஸை மட்டும் பர்பேங்கில் செய்தால் ஒரு காசு வராது. நியூயார்க்கில் போஸ்ட் வேலைக்கென்றே தனிக் கழிவு இருக்கிறது. ஆகவே "ஹாலிவுட் திரும்பி வருது" என்ற தலைப்பைப் பார்த்தால், அந்தச் சட்டம் போஸ்ட் வேலையைத் தனியாக ஏற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வேலை நகரப்போவதற்கு முன் அறிகுறிகள் தெரியும். உங்கள் ஷோவின் (வேலை நடக்கும் படம் அல்லது தொடரின்) சூப்பர்வைசரோ சீக்வென்ஸ் லீடோ வேறு ஊர்க் கிளைக்கு மாறுவார். வருட ஒப்பந்தம் போய், மாதா மாதம், பிறகு வாரா வாரம் என்று நீட்டிப்பு வரும். நியூக் மென்பொருளில் நீங்கள் எழுதிய டெம்ப்ளேட், கிஸ்மோ எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதித் தரச் சொல்வார்கள். "இடம் மாறச் சம்மதமா?" என்று ஹெச்ஆர் பேச்சுவாக்கில் கேட்கும். முதலில் போவது ரோட்டோ (உருவத்தின் விளிம்பைக் கோடு போட்டுப் பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமரா அசைவைக் கணினியில் பொருத்துவது). இவை மும்பை, சென்னை, ஹைதராபாத் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சம்பள வித்தியாசம்தான். அடுத்து காம்ப் (எல்லாவற்றையும் ஒரே காட்சியாகச் சேர்ப்பது), லைட்டிங்; அவை மானியத்தைத் தேடி வான்கூவர், லண்டன் போகும். கடைசிவரை நிற்பது சூப்பர்வைசரும் எடிட்டோரியலும் வாடிக்கையாளரோடு நேரில் உட்காரும் ஒன்றிரண்டு பேரும்.

அந்த இடைக்காலத்தில் அதிக நாள் நிலைப்பது யார் என்று பார்த்திருக்கிறேன். வெளியே அனுப்பும் வேலைக்கான குறிப்பை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர். வெளியே போன ஷாட் திரும்பி வந்து மறுபடி செய்ய வேண்டியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இல்லை, இங்கிருந்து போன பொட்டலம்தான். ஹேண்டில் (ஷாட்டின் இரு முனையிலும் கூடுதலாக விடும் பகுதி) எட்டு ஃபிரேமா பத்தா என்று சொல்லாமல் விட்டால், எடிட் மாறும்போது ரோட்டோ இரண்டு ஃபிரேம் குறையும். லென்ஸ் டிஸ்டார்ஷனை நீக்கிய பிளேட்டில் (கேமராவில் எடுத்த அசல் காட்சியில்) ரோட்டோ செய்யச் சொல்கிறோமா நீக்காததிலா என்று எழுதாவிட்டால் ஓரங்களில் மேட் (பிரித்த வடிவம்) விலகும். மோஷன் பிளர் ஷட்டர் மதிப்பு தராமல் விட்டால் கை வீசும் ஷாட்டில் விளிம்பு கத்தரித்த மாதிரி நிற்கும். தலைமுடி தனி ஷேப்பா, உடல் எத்தனை பாகமாகப் பிரிக்கணும், கலர் ஸ்பேஸ் எது, கோப்புப் பெயர் எப்படி என்று எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு மாதிரி ஃபிரேமில் கோடு போட்டுக் காட்டி அனுப்புங்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கும் சென்னைக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி வித்தியாசம். ஒரு சந்தேகத்துக்கு ஒரு முழு நாள் போகும். இந்த வேலையைக் கற்றுக்கொள்வது நம் வேலையை நாமே அனுப்பி வைப்பது போலத் தோன்றும். எனக்கும் அந்தக் கசப்பு இருந்தது. இருந்தாலும் அடுத்த நேர்காணலில் என்னிடம் அதிகம் விசாரித்தது இந்தத் திறமையைப் பற்றித்தான்.

இனி லே-ஆஃப் நாள். நூறு பேராவது வேலை செய்யும் நிறுவனம் ஒரே தளத்தில் ஐம்பது பேரையாவது வேலையை விட்டு எடுத்தால், வார்ன் என்ற மத்தியச் சட்டப்படி பெரும்பாலும் அறுபது நாள் முன்னறிவிப்பு வேண்டும். கலிஃபோர்னியாவின் சொந்தச் சட்டம் எழுபத்தைந்து பேர் உள்ள இடத்துக்கே பொருந்தும். சேர்ந்திருக்கும் விடுப்புக்கான பணத்தைக் கடைசிச் சம்பளத்தோடு கொடுத்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் அது சம்பளம்தான், சலுகை இல்லை. சாதாரண வேலைகளில் கடைசிச் சம்பளம் அன்றே வர வேண்டும். படத் தயாரிப்புக்கென்று தனி விதி இருப்பதால் பலருக்கு அடுத்த சம்பள நாள்வரை அவகாசம் உண்டு. வேண்டுமென்றே தாமதித்தால் முப்பது நாள் சம்பளம்வரை தண்டத்தொகை கேட்கலாம். செவரன்ஸ் (வேலை நீக்க இழப்பீடு) காகிதத்தில் அந்த மேசையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். நாற்பது வயது ஆனவருக்கு, கூட்டமாக எடுக்கும்போது நாற்பத்தைந்து நாள் யோசிக்கவும், கையெழுத்திட்டபின் ஏழு நாள் திரும்பப் பெறவும் சட்டமே நேரம் கொடுக்கிறது. வயது குறைந்தவர்களும் ஒரு வாரம் கேட்டு வாங்கலாம். அந்த வாரத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: படம் வெளியானதும் உங்கள் ஷாட்களை ரீலுக்குத் தருவதாக எழுத்தில் ஒரு வரி, டைட்டிலில் பெயர் வரும் என்ற உறுதி. இவற்றுக்கு நிறுவனத்துக்குச் செலவில்லை, அதனால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். சம்பளச் சீட்டுகள், ஓவர்டைம் தாள்கள், விசா மனுவின் நகல் ஆகியவற்றை அலுவலக அக்கவுண்ட் மூடுவதற்கு முன் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் ஸ்கிரிப்ட், பிளேட் எதையும் தொடாதீர்கள்.

அதே வாரத்தில் வேலையின்மை உதவிக்கு விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கணக்கு தொடங்கும். தள்ளிப்போட்ட வாரங்கள் பெரும்பாலும் போனது போனதுதான். முதல் வாரம் காத்திருப்பு, பணம் வராது. கலிஃபோர்னியாவில் அதிகபட்சம் வாரம் 450 டாலர், 26 வாரம். கூட்டினால் 11,700 டாலர், அதற்கும் மத்திய வருமானவரி உண்டு. ஒரு படுக்கையறை வீட்டு வாடகைக்கே இது போதாது. எவ்வளவு கிடைக்கும் என்பதை, கடைசியாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் விண்ணப்பித்தால் முந்தைய செப்டம்பரோடு முடிந்த பன்னிரண்டு மாதம் கணக்கில் வரும். 2023-இல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தபின் காலாண்டுகள் காலியாகிப்போன பலருக்கு இந்த விதி கழுத்தை நெரித்தது. இடையில் இரண்டு நாள் ஃப்ரீலான்ஸ் வேலை வந்தால் மறைக்காதீர்கள். சம்பாதித்ததில் கால் பங்கு போக மிச்சத்தைத்தான் அந்த வார உதவியில் கழிப்பார்கள். மறைத்துப் பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு தண்டமும் உண்டு. அமெரிக்காவில் வெளிநாட்டு வர்த்தகத்தால் வேலை இழந்தவர்களுக்கென்றே ஒரு மறுபயிற்சித் திட்டம் பல பத்தாண்டுகளாக இருந்தது. 2022 ஜூலை 1 முதல் அதன் அனுமதி காலாவதியாகி, புதிய மனுக்களை ஏற்பது நின்றுபோனது. வரியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசாதது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம்.

மருத்துவக் காப்பீட்டில்தான் பணம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கோப்ரா என்றால் பழைய காப்பீட்டையே முழுப் பிரீமியமும் அதன் மேல் இரண்டு சதவீதமும் நாமே கட்டித் தொடர்வது. குடும்பத்துக்கு மாதம் இரண்டாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க அறுபது நாள் அவகாசம் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் பழைய தேதியிலிருந்தே செல்லும். ஆகவே முதல் நாளே பணம் கட்ட வேண்டாம். அந்த அறுபது நாளுக்குள் ஏதாவது நேர்ந்தால் அப்போது எடுத்து, விட்ட மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டலாம். இதற்கிடையில் மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கவர்ட் கலிஃபோர்னியாவில் விண்ணப்பியுங்கள். அங்கும் காப்பீடு போனதிலிருந்து அறுபது நாள்தான் கெடு. வருமானம் நன்றாக இறங்கியிருந்தால் மெடி-கால் என்ற அரசுக் காப்பீடு கிடைக்கும், அதற்கு வருடம் முழுக்க விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கத் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு மணி நேரத்தில். முதலில் நுழைய 600 மணி, தொடர ஆறு மாதத்தில் 400 மணி. எக்ஸ்ட்ரா மணிகள் 450 வரை திட்டத்தின் 'மணி வங்கி'யில் உங்கள் பெயரில் சேரும். அந்த வங்கியில் எத்தனை மணி நிற்கிறது என்று வேலை இருக்கும்போதே பார்த்து வையுங்கள். நம் துறையில் பெரும்பாலான விஎஃப்எக்ஸ் கடைகளில் சங்கமே இல்லை. 2023-இல் மார்வெல், டிஸ்னி நிறுவனங்களின் நேரடி விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் வாக்களித்துச் சங்கம் அமைத்தது பெரிய தொடக்கம்.

எச்-1பி, ஓ-1 வேலை விசாவில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்: அதிகபட்சம் அறுபது நாள். ஐ-94 பதிவில் உள்ள, நாட்டில் தங்க அனுமதித்த தேதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். வேலை முடிந்த மறுநாளிலிருந்து எண்ணுங்கள், செவரன்ஸ் முடியும் நாளிலிருந்து அல்ல. அதற்குள் புதிய நிறுவனம் மனு போட்டாக வேண்டும். முடியாவிட்டால் ஐ-539 படிவத்தில் வருகையாளர் நிலைக்கு மாறக் கேட்கலாம். ஆனால் அந்த நிலையில் வேலை செய்ய முடியாது. முடிந்தவரை நாட்டை விட்டு வெளியேறாமல் மாற்றப் பாருங்கள்: 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்திருக்கிறார்கள். எந்த விஎஃப்எக்ஸ் கடையும் அதைக் கட்டாது. நிறுவனம் உங்களுக்காகப் போட்ட கிரீன் கார்டு மனு (ஐ-140) ஒப்புதல் ஆகியிருந்தால், பழைய நிறுவனம் பிறகு அதைத் திரும்பப் பெற்றாலும் வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதி பொதுவாக உங்களோடு வரும். அந்த ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். காலத்துக்கு முன் வேலையிலிருந்து எடுத்து நீங்கள் ஊர் திரும்ப நேர்ந்தால், உங்கள் டிக்கெட் செலவை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை. குடும்பத்தின் டிக்கெட் அதில் சேராது. வேலையின்மை உதவிக்கு "வேலை செய்யத் தகுதியோடு இருக்கிறேன்" என்று உறுதி சொல்ல வேண்டியிருப்பதால், விசாவில் இருப்பவர்கள் அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போடாமல் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

வேலையைத் துரத்திக்கொண்டு வான்கூவர் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம், ஆனால் ஒரு தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்த மாகாணக் கழிவுக்கு உங்கள் சம்பளம் தகுதி பெற, நிறுவனத்தின் வரி ஆண்டு முடிவதற்கு முந்தைய டிசம்பர் 31 அன்று நீங்கள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் போய் இறங்கினால், டிசம்பரில் வரி ஆண்டு முடிக்கும் நிறுவனத்துக்கு அந்த வருடம் முழுக்க நீங்கள் கழிவு தராத ஆள். அதனால்தான் ஏற்கெனவே அங்கே இருப்பவரை முதலில் எடுக்கிறார்கள். நேர்காணல் நன்றாகப் போயும் பதில் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அங்கே மருத்துவக் காப்பீடு தொடங்க, வந்த மாதத்தின் மிச்சமும் அதன்பின் இரண்டு மாதமும் ஆகும். அதற்குத் தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் ஷோ முடியும்வரைதானா, முன்னால் முடித்தால் எத்தனை வார அறிவிப்பு, திரும்பும் செலவு யாருடையது, இரு நாட்டு வரித் தாக்கலுக்கு உதவி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். கனடாவின் மானியமும் நிலையில்லாததுதான். 2024-இல் கியூபெக் அரசு விஎஃப்எக்ஸ் துணை ஒப்பந்தத்தில் 65 சதவீதத்துக்கு மட்டுமே கழிவு என்று உச்சவரம்பு வைத்ததும், அந்த மாகாணத்தின் மாண்ட்ரியல் கடைகளில் ஷோக்கள் வற்றத் தொடங்கின. வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள்.

சென்னையிலும் மும்பையிலும் இந்த வேலையைச் செய்யும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேலையை நீங்கள் பறித்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. 2025 பிப்ரவரியில், பல விஎஃப்எக்ஸ் நிறுவனங்களை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வேலை போன அதே வாரத்தில் இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் போனது. தாய் நிறுவனம் வெளிநாட்டில் திவாலானால் இந்தியக் கிளையின் வங்கிக் கணக்கு அன்றைக்கே வறண்டுவிடும், சம்பள பாக்கிக்கு வரிசையில் நிற்க வேண்டிவரும். ஆகவே பிஎஃப் மாதா மாதம் கட்டப்படுகிறதா என்று யுஏஎன் கணக்கில் நீங்களே பாருங்கள், மாதச் சீட்டில் பிடித்ததாகக் காட்டினால் போதாது. ஐந்து வருடம் முடியப்போகிறது என்றால் கிராஜுவிட்டியைக் கணக்கில் வைத்து ராஜினாமா தேதியை முடிவு செய்யுங்கள். சம்பளம் ஒரு மாதம் தாமதமானதுமே மனுவாக எழுதிப் பதிவு செய்யுங்கள், வாய்வார்த்தையில் விடாதீர்கள். உங்கள் ஷோவின் பணம் எந்த நாட்டுக் கழிவிலிருந்து வருகிறது என்று புரொடியூசரிடம் கேட்டு வையுங்கள். அந்த நாட்டின் பட்ஜெட் வரும் வாரத்தில் செய்தி படியுங்கள்.